நானூறு நடுவர்கள்

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேட வேண்டாம். இந்தக் கதையின் குருவுக்கு இருபத்தொன்பது வயது. பெயர் கஜலட்சுமி, எல்லோருக்கும் கஜா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை. வேலைக்குப் போவதற்கு முன், சென்னைக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்து மணலில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருப்பார்.

சீடருக்கு ஐம்பத்துநான்கு. பாக்கியநாதன், வியாசர்பாடிக்காரர். இருபத்திரண்டு வருஷம் கால்பந்து ஆட்டங்களுக்கு விசில் ஊதியவர். ஒரு இறுதி ஆட்டத்தில் கொடுத்த ஒரே ஒரு பெனால்டியோடு அந்த வாழ்க்கை முடிந்துபோனது.

கடைசி நிமிஷம். ஒரு அணியின் ஆள் எதிரணி கோல் முன்னால் விழுந்தான். கோல்கீப்பர் மரியதாஸின் கை அவன் காலில் பட்டதா என்பதுதான் கேள்வி. இடையில் ஒருவருடைய முதுகு மறைத்ததால் பாக்கியநாதனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் கூட்டம் கத்தியது, ஊதிவிட்டார். மரியதாஸ் ஏதோ சொல்ல ஓடிவந்தார். மஞ்சள் அட்டையைக் காட்டித் திருப்பி அனுப்பினார். அந்த கோலோடு மரியதாஸின் அணி தோற்றது. மரியதாஸும் ஆடுவதை விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு பாக்கியநாதன் ஒரு மைதானத்திலும் கால் வைக்கவில்லை. தெருவில் மரியதாஸைப் பார்த்தால் வேறு சந்தில் திரும்பிவிடுவார். ஒருநாள் வியாசர்பாடியே வேண்டாமென்று மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே மகள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

கடற்கரைக்கு அவரை அனுப்பியது சர்க்கரை டாக்டர். நடங்கள் என்றார், நடந்தார். அங்கேதான் அந்தக் காட்சியைக் கண்டார்.

பத்துப் பேர், ஆணும் பெண்ணுமாக, ஃபிரிஸ்பீ என்கிற பிளாஸ்டிக் பறக்கும் தட்டு ஒன்றைத் துரத்தி ஓடிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, வீசத்தான் வேண்டும். கோட்டுக்கு அப்பால் நிற்கும் தன் அணி ஆள் பிடித்தால் ஒரு புள்ளி. மணலில் விழுந்தால் தட்டு எதிரணிக்கு. இவ்வளவையும் பத்து நிமிஷத்தில் புரிந்துகொண்டார். ஆட்டத்தைப் படிக்கிற கண் அவருக்கு இன்னும் மங்கவில்லை.

திடீரென்று ஒரு ஆள் நின்று, "ஃபவுல்" என்றான்.

"ஆமா, என் கை பட்டுச்சு. சாரி" என்றாள் எதிரே நின்றவள்.

தட்டை வாங்கிக்கொண்டான். ஆட்டம் தொடர்ந்தது.

பாக்கியநாதன் சுற்றுமுற்றும் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும், மற்றவர்களுக்கு வீசக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த கஜாவிடம் போனார்.

"ரெஃப்ரி எங்கம்மா?"

"ரெஃப்ரி இல்ல சார்."

"இன்னிக்கு வரலியா?"

"என்னிக்குமே கிடையாது. ஆட்டமே அப்படித்தான்."

அவர் சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார் என்றே சொல்லலாம். "ரேஷன் கடை வரிசையில நிக்கறவனே நான்தான் முதல்ல வந்தேன்னு சண்டை போடறான். இதுல ஜெயிக்கணும்னு ஆடறவன் உண்மை சொல்வானா?"

கஜா தட்டை அவர் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு ஷூவைக் கழட்டிட்டு வாங்கண்ணா."

இப்படித்தான் ஐம்பத்துநான்கு வயதில் பாக்கியநாதன் சீடரானார். கஜாவை 'கோச்' என்று கூப்பிட்டார், 'நீங்க' என்றே பேசினார். வயசுப் பிள்ளைகள் கிண்டல் செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்போது குப்பத்தில் இருந்தது பதினாலு பேரும் ஒரு தட்டும். அந்தத் தட்டின் ஓரத்தையும் ஒரு நாய் கடித்துவிட்டிருந்தது. பிறகு நடந்ததைப் பாக்கியநாதன் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டார். புதுச்சேரிக்குக் கல்யாணமாகிப் போன ஒரு பெண் சீரோடு ஒரு தட்டையும் கொண்டுபோனாள். ஆறு மாதத்தில் அங்கே ஒரு அணி. நர்சிங் கல்லூரியில் ஒரு அணி. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். ஐஸ் பெட்டி தூக்குகிறவரும் மேனேஜரும் ஒரே அணியில் ஆடி, ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள். கடலூர், நாகப்பட்டினம், காரைக்கால் என்று மணல் இருந்த இடமெல்லாம் தட்டு பறந்தது. யாரும் ஆணை போடவில்லை, யாரும் மேற்பார்வை பார்க்கவில்லை.

இரண்டாவது வருஷம் குப்பத்தில் போட்டி வைத்தபோது முப்பத்தொரு அணிகள் பெயர் கொடுத்திருந்தன.

போட்டிக்கு முந்தின நாள் காலை அணித்தலைவர்கள் கூடினார்கள். கம்பெனி அணியின் தலைவர் கிரிதரன் எழுந்தார். நல்ல மனுஷன்தான், மனதில் பட்டதைச் சொன்னார்.

"பதினாலு பேரா இருந்தப்ப சரி. எல்லாரும் சொந்தக்காரங்க மாதிரி. இப்ப நானூறு பேரு. யாருக்கு யாரையும் தெரியாது. கோப்பை இருக்கு, கூட்டம் வரும். ஒருத்தன் பொய் சொன்னா எல்லாம் போச்சு. செமிஃபைனல், ஃபைனலுக்காவது ரெஃப்ரி வைக்கணும்."

பல தலைகள் ஆடின. பிறகு எல்லாத் தலைகளும் பாக்கியநாதன் பக்கம் திரும்பின.

பதினோரு வருஷம் கழித்து இன்னொரு இறுதி ஆட்டம், அதுவும் வீடு தேடி வந்திருக்கிறது. இந்த முறை சரியாகப் பார்த்து, சரியாக ஊதிவிட்டால் போதும், அந்தப் பழைய கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தார்.

கூட்டம் கலைந்ததும் கஜாவின் பின்னாலேயே போனார்.

"கோச், எனக்குக் குடுங்க. கண்கொத்திப் பாம்பா பாப்பேன். ஒரு தப்பு நடக்காது."

"தெரியும்ணா."

"அப்ப சரின்னு சொல்லுங்க. நானூறு பேரு ஆடற எடத்துல ஒரு ரெஃப்ரியாவது வேணாமா?"

"பதினாலு பேரு ஆடினப்ப எத்தனை ரெஃப்ரி இருந்தாங்க?"

"ஒருத்தரும் இல்ல."

"பதினாலு பேரு இருந்தாங்கண்ணா. இப்ப நானூறு பேரு இருக்காங்க. நீங்க ஒரே ஒருத்தரை வச்சா முன்னூத்தித் தொண்ணூத்தி ஒம்பது பேருக்கு வேலை போயிடுமே."

"பேச்சுக்கு நல்லாருக்கு கோச். ஃபைனல்ல பொய் சொல்லுவான்."

கஜா சிரித்தார். "செமிஃபைனல்ல நம்ம டீமுக்கு நீங்க ஆடுங்க. அப்புறம் சொல்லுங்க. விசில் வேணும்னு நீங்க சொன்னா, நானே வாங்கித் தரேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது பாக்கியநாதன் கரைக்கு வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கயிறு கட்டிய ஆடுகளங்கள். ஒரே நேரத்தில் எட்டு ஆட்டம், எட்டுத் தட்டு காற்றில். நாலாவது களத்தில் ஒருவன் கையை உயர்த்தி, "வெளியில பிடிச்சிட்டேன், புள்ளி இல்ல" என்று தன் அணிக்கு எதிராகவே சொன்னான். இந்தப் பக்கம் ஒரு பெண், "நான்தான் இடிச்சேன்" என்றாள். நானூறு பேர் ஓடும் கரையில் ஒரு விசில் சத்தம்கூட இல்லை. இருபத்திரண்டு வருஷம் தான் எதை ஊதி ஊதி அடக்கிக்கொண்டிருந்தோம் என்று அவருக்குப் புரியவில்லை.

அரையிறுதியில் புதுச்சேரி அணியோடு மோதினார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அடுத்த புள்ளி யாருக்கோ, அவர்கள் இறுதி ஆட்டத்துக்கு. கயிற்றைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியடித்தது. கிரிதரனும் முன்வரிசையில் நின்றார்.

அப்போதுதான் கஜா, "அண்ணா, உள்ள வாங்க" என்றார்.

"இப்பவா? நானா?"

"நீங்கதான்."

கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். அவரைக் காவல் காத்தது நஸ்ரின் என்ற பெண். அவர் மகளைவிடச் சின்னவள், காற்றாக ஓடுகிறவள்.

தட்டு கைமாறிக் கைமாறி வந்தது. கஜா ஒரு நொடி அவரைப் பார்த்தார், கோட்டுக்கு அப்பால் காலியிடத்தில் வீசினார். பாக்கியநாதன் ஓடினார். தட்டு தாழ்ந்துகொண்டே போனது. நஸ்ரின் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், இரண்டு பேரும் பாய்ந்தார்கள். மணல் எழும்பிக் கண்ணை மறைத்தது.

மணல் அடங்கியபோது தட்டு அவர் விரல்களுக்குள் இருந்தது. விரல்கள் மணலுக்குள் இருந்தன.

குப்பமே கத்தியது. "பிடிச்சிட்டார்! புள்ளி! புள்ளி!"

நஸ்ரின் கத்தவில்லை. முழங்காலில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பிடிச்சீங்களாண்ணா? இல்ல மணல்ல பட்டுச்சா?"

கூட்டம் அடங்கிவிட்டது. எல்லோரும் அவர் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். அவர் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்வார்கள். அதுதான் அவரைக் கலங்கடித்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொன்னவரிடம், 'நீ என்ன செய்தாய்' என்று இதற்குமுன் ஒருவரும் கேட்டதில்லை.

பிடித்தேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. பட்டுவிட்டது என்று சொல்லிப் பெரிய மனுஷனாகவும் ஆசை வந்தது. இரண்டும் உண்மை இல்லை.

"தெரியலம்மா" என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "சத்தியமா எனக்குத் தெரியல. நீ பாத்தியா?"

நஸ்ரின் யோசித்தாள். "எனக்கும் தெரியலண்ணா. மணல் அடிச்சிடுச்சு."

"அப்ப என்னம்மா பண்றது?"

"என்னண்ணா, இது தெரியாதா? டிஸ்க் வீசினவங்ககிட்டயே திரும்பப் போகும். மறுபடி ஆடலாம்."

விதி அவருக்குத் தெரியும். பயிற்சியில் பத்துத் தடவை பார்த்திருக்கிறார். ஆனால் அவள் தட்டை எடுத்து மணலைத் தட்டிவிட்டு, கஜாவின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் அது அவருக்குள் இறங்கியது. தெரியவில்லை என்று சொல்லலாம். சொன்னால் ஒன்றும் இடிந்து விழாது. யாரும் யாரையும் திட்டாமல் அவரவர் இடத்துக்குத் திரும்பி நிற்பார்கள், ஆட்டம் நடக்கும். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

மறுபடி ஆடினார்கள். கஜாவின் அடுத்த வீச்சை நஸ்ரின் தட்டிவிட்டாள். அந்தப் பக்கம் போன தட்டைப் புதுச்சேரி ஆள் ஒருவன் கோட்டுக்கு அப்பால் பிடித்தான். குப்பத்து அணி தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல இரண்டு அணியும் மாறி மாறித் தோளில் கை போட்டு ஒரே வட்டமாக நின்றார்கள். பாக்கியநாதனுக்கு இரண்டு பக்கமும் எதிரணி ஆட்கள். கயிற்றுக்கு வெளியே நின்ற கிரிதரன் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, இறுதி ஆட்டத்துக்குத் தன் அணியைத் தயார்செய்யப் போனார். நடுவர் பேச்சை அவர் அன்று மறுபடி எடுக்கவில்லை.

இறுதி ஆட்டமும் முடிந்து கூட்டம் கலைந்தது. கஜா கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பாக்கியநாதன் மறுமுனையைப் பிடித்தார்.

"விசில் வாங்கணுமாண்ணா?"

"வேணாம் கோச்."

சுருட்டிக்கொண்டே கடைசிக் கயிற்றுக்கு வந்தார்கள்.

"அன்னிக்கும் எனக்குத் தெரியல கோச். வியாசர்பாடி ஃபைனல்ல."

"சொல்லியிருக்கீங்கண்ணா."

"தெரியலன்னு சொல்ல அங்க வழி இல்ல. ஊதணும், இல்லாட்டி விடணும். ரெண்டுதான். ஊதிட்டேன். பதினோரு வருஷமா ராப்பகலா அதையே திரும்பத் திரும்பப் பாக்கறேன். அவன் கை பட்டுச்சா, படலியா. எத்தனை தடவை பாத்தாலும் அந்த முதுகுதான் தெரியுது."

கஜா கயிற்றை மணலில் வைத்தார்.

"மரியதாஸ் இப்ப எங்கண்ணா இருக்காரு?"

"அங்கயேதான். மெக்கானிக் ஷெட் வச்சிருக்கான். எனக்குப் பெரம்பூர் ஸ்டேஷன்ல எறங்கி நடந்தாலே போதும்."

"அவரு கைதானேண்ணா அது. பட்டுச்சான்னு அவர்கிட்ட கேட்டீங்களா?"