பெரிய தட்டும் சிறிய அதிரசமும்

ரொம்ப காலத்துக்கு முன்னால் முல்லையூர் நாட்டைக் கடம்பராஜா என்றொருவர் ஆண்டுவந்தார். கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். காலையில் ஒருவனை நாடு கடத்துவார், மத்தியானம் "அவனை எங்கே காணோம்?" என்று தேடுவார், அவ்வளவுதான். இரண்டு விஷயத்தில் அவருக்கு உயிர். ஒன்று அதிரசம், இன்னொன்று அந்தஸ்து.

அந்த அரண்மனைப் பந்தியில் யார் பெரியவர் என்பதைத் தட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ராஜாவுக்கு அரிசி புடைக்கும் சுளகு அகலத்தில் தங்கத்தட்டு. அடுத்தவர்களுக்கு வெள்ளித்தட்டு, பதவி இறங்க இறங்கத் தட்டும் சுருங்கும். கடைசியில் உட்காரும் முரசடிக்கிறவருக்கு உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைத்தட்டு. ஆனால் பண்டம் மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவுதான். அரண்மனைச் சமையல்காரி பேச்சியக்காள் அதில் ரொம்பக் கண்டிப்பு.

அவள் வேலையின் மேல் வல்லப்பர் என்ற அரசவைப் பிரமுகருக்கு ஒரு கண். தன் மைத்துனனை அங்கே உட்காரவைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த மைத்துனனுக்கு வெந்நீர் வைக்கத் தெரியுமா என்பதே சந்தேகம்.

ஒருநாள் பந்தியில் வல்லப்பர் பெருமூச்சு விட்டார்.

"என்ன வல்லப்பரே, வயிற்று வலியா?"

"மனசு வலி, மகாராஜா. உங்கள் தட்டில் இருக்கும் அதிரசத்தைப் பாருங்கள். அப்படியே முரசடிக்கிறவன் தட்டையும் பாருங்கள்."

ராஜா பார்த்தார். தங்கத்தட்டின் நடுவில் அதிரசம் குட்டியாகக் கிடந்தது. பித்தளைத்தட்டில் அதே பண்டம் தட்டு நிறைய ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ராஜாவுக்கு மீசை துடித்தது.

"பேச்சி! நாட்டை ஆளுகிறவனுக்குச் சின்னது, முரசடிக்கிறவனுக்குப் பெரியதா?"

"ஒரே வளையத்துக்குள்ள வச்சுத் தட்டினதுங்க மகாராஜா. வேணும்னா நிறுத்துப் பாருங்க."

தராசு வந்தது. இரண்டு அதிரசத்தையும் வைத்ததும் தராசு சமமாக நின்றது. வல்லப்பர் சிரித்தார். "அடுக்களைத் தராசு அவள் சொன்னபடிதானே கேட்கும்?"

"என் கண்ணைவிடப் பெரிய தராசு எது?" என்று முழங்கினார் ராஜா. "திருடி! நாளைப் பொழுது சாய்வதற்குள் நீ நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்!"

பேச்சியக்காள் முப்பது வருஷம் அந்த அடுப்பில் வெந்தவள். வேலை போவதுகூட அவளுக்குப் பெரிதில்லை, திருடி என்ற பெயரோடு போக வேண்டுமே என்றுதான் வயிறு எரிந்தது. ஆனாலும் அழவில்லை.

"போறேனுங்க. நாளைக்கு ஒரு வேளை மட்டும் நானே பரிமாறிட்டுப் போறேன்."

மறுநாள் எல்லோரும் பார்க்க ராஜாவின் தங்கத்தட்டில் ஓர் அதிரசம் வைத்தாள். முரசடிக்கிறவரின் பித்தளைத்தட்டில் இன்னொன்று வைத்தாள். இரண்டையும் ராஜா முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இன்னைக்கு மகாராஜாவுக்குப் பெரிசா ஒண்ணு, முரசுக்காரருக்குச் சின்னதா ஒண்ணு. வேணும்னே அப்படித்தான் சுட்டேன். பெரிசை நீங்களே எடுத்துக்குங்க."

ராஜா யோசிக்கவே இல்லை. பித்தளைத்தட்டைத் தொட்டார். வல்லப்பர் துள்ளி எழுந்தார். "இன்றும் மாற்றி வைத்துவிட்டாள் பாருங்கள்! இது சின்னதாக இருந்தால் ஒரு மாதம் நான் அடுக்களையில் மாவு இடிக்கிறேன்!"

பேச்சியக்காள் பித்தளைத்தட்டு அதிரசத்தை எடுத்துத் தங்கத்தட்டு அதிரசத்தின் மேல் வைத்தாள். அடியில் இருந்தது சுற்றிலும் ஒரு நெல்லளவு வெளியே தெரிந்தது. தங்கத்தட்டில் இருந்ததுதான் பெரியது.

சபை முழுக்கக் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"திரும்ப வை!" என்றார் ராஜா. வைத்தாள். மறுபடியும் பித்தளைத்தட்டில் இருந்ததே பெரியதாகத் தெரிந்தது. ராஜா ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கிரீடத்தைக் கழற்றிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்தும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அப்படியேதான்.

"உண்மை தெரிந்த பிறகுமா ஏமாற்றும் இந்தக் கண்?"

"கண்ணு மேல தப்பில்லைங்க. அது பார்த்ததைக் கொண்டுபோய் உள்ள கொடுக்குது. உள்ள இருக்கிற புத்திக்கு அவசரம். அளந்து பார்க்காது, பக்கத்துல என்ன இருக்குன்னு பார்த்துப் பெரிசு, சின்னதுன்னு சொல்லிடும். சுத்தி வெறும் இடம் நிறைய கிடந்தா பண்டம் சின்னதாத் தெரியும். விளிம்பை ஒட்டி இருந்தா பெரிசாத் தெரியும். கல்யாணப் பந்தியில சாதம் குறைஞ்சா நாங்க சின்ன இலையாப் பார்த்துத்தான் போடுவோம். சம்பந்திங்களே போதும் போதும்னு கை மறிப்பாங்க!"

"அப்படியானால் நான் ராஜா என்பதற்காகப் பெரிய தட்டை வைத்துக்கொண்டு, என் அதிரசத்தை நானே சிறியதாக்கிக்கொண்டேனா?"

"ஆமாங்க மகாராஜா."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து ஓய்ந்து, தன் கை மோதிரத்தைக் கழற்றி நீட்டினார்.

பேச்சியக்காள் கை நீட்டவில்லை. "மோதிரம் பிறகு வாங்கிக்கிறேன். நேத்து இதே சபையில என்னைப் பத்தி ஒண்ணு சொன்னீங்க. அதை முதல்ல திரும்ப எடுத்துக்குங்க."

ராஜாவின் முகம் சிவந்தது. ஆனால் எழுந்து நின்று, வாசல்வரை கேட்கும்படி சொன்னார்: "பேச்சியக்கா நேர்மையானவர். அவசரப்பட்டது நான்." அப்போதுதான் அவள் கண் கலங்கிற்று. மோதிரத்தையும் வாங்கிக்கொண்டாள், விடவில்லை.

ராஜா பித்தளைத்தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வல்லப்பரே, நீர் மாவு இடிக்கப்போகிறவர், பசிக்கும். என் தங்கத்தட்டு இனி உமக்குத்தான்!"

வல்லப்பருக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலை முழுக்க உலக்கை பிடித்துத் தோள் கழன்றுபோய், கொலைப்பசியோடு பந்தியில் உட்கார்ந்தார். பேச்சியக்காள் சுளகு அகலத் தட்டின் நடுவில் ஒரே ஓர் அதிரசத்தை வைத்துவிட்டுப் போனாள். வல்லப்பர் அதைப் பார்த்தார். முரசடிக்கிறவருக்குப் பழைய அளவிலேயே கொடுத்திருந்த புதுத்தட்டில் அதிரசம் நிறைந்து கிடந்ததைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"என்ன வல்லப்பரே, ஏதாவது குறையா?" என்று கேட்டார் ராஜா.

"இல்லை மகாராஜா," என்றார் வல்லப்பர். "நிறையவே இருக்கிறது."