பெரிய நம்பர் பேட்டரி

“நாலு நாளா நீங்க என்னைக் கூப்பிடவே இல்லையேம்மா” என்றார் பூவராகன்.

கையில் பை. துணிமணியெல்லாம் மடித்து வைத்தாயிற்று.

மங்களேஸ்வரி அம்மா கட்டிலில் சாய்ந்தபடியே அவரைப் பார்த்தார். அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு அவர்தான் குரு; சீடரைவிட இருபது வயது இளையவர். படியில் வழுக்கி விழுந்ததில் காலில் மாவுக்கட்டு.

மின்வாரியத்தில் முப்பது வருஷம் இன்ஜினியராகக் குப்பை கொட்டிவிட்டு ஞானம் தேடி வந்தவர் பூவராகன். குரு படுத்ததும் அவர் செய்த முதல் காரியம், வயர் இல்லாத ஒரு அழைப்பு மணி வாங்கி மாட்டியது. சுவிட்ச் அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில். மணி இவர் அறையில்.

அதற்குச் சார்ஜ் ஏற்றுகிற பேட்டரிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கடைக்காரர் கொள்ளளவு இரண்டாயிரம் என்று போட்டிருந்ததை எடுத்து, “சும்மா கிடந்தாலும் சார்ஜ் இறங்காது சார்” என்றார். பக்கத்திலேயே இரண்டாயிரத்து எண்ணூறு இருந்தது.

இன்ஜினியருக்கா சொல்லித்தர வேண்டும்? பெரிய நம்பரையே வாங்கினார்.

மூன்று வாரம் மணி அடித்தது. தண்ணீர் கொடுக்க, ஜன்னலைச் சாத்த என்று ஓடி ஓடிச் செய்தார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை.

அப்புறம் ஒரேயடியாக மௌனம்.

“நான் என்ன தப்பு பண்ணினேன்னு சொல்லிடுங்க. கிளம்பிடறேன்.”

அம்மா சுவிட்சை அமுக்கினார். அதில் சிவப்பு விளக்கு எரிந்தது.

இருபது அடி தள்ளியிருந்த அறையில் சத்தமே இல்லை.

“நாலு நாளா இப்படித்தான் கூப்பிட்டுக்கிட்டிருக்கேன்.”

பூவராகன் ஓடினார். மணியைப் பிரித்து மீட்டர் வைத்துப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகத்தில் அசடு வழிந்தது.

“பேட்டரி சும்மா காத்திருந்தே தீர்ந்துபோச்சும்மா.”

“உங்களை மாதிரியா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“கூப்பிட்டும் வரலைன்னு என்மேல கோபம் வரலையா?”

“வருத்தமா இருந்துச்சு. சாப்பாடு கொண்டுவர்ற பொண்ணு, ஐயா அவர் ரூம் வாசல்லதான் உட்கார்ந்திருக்காருன்னு சொன்னா. அவகிட்ட சொல்லியனுப்ப மனசு வரலை. முந்தாநாள் சாரல்ல மெத்தை நனைஞ்சப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

பூவராகன் மெத்தையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் ஈரமாக இருந்தது.

பையைக் கீழே வைத்தார்.

அன்று மாலையே கடைக்குப் போய் அந்த இரண்டாயிரம் போட்ட பேட்டரியை வாங்கிவந்து போட்டார். அம்மா அமுக்கிப் பார்த்தார். மணி கணீரென்று அடித்தது.

மறுநாள் காலை வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறல் விழுவதற்குள் பூவராகன் வந்து ஜன்னலைச் சாத்தினார்.

“நான் அமுக்கவே இல்லையே. மணி அடிச்சுதா?”

“இல்லம்மா” என்றார் அவர், கொக்கியை மாட்டிக்கொண்டே.