பேட்டரி இல்லாத வாத்து

ஒரு ஊர்ல ஒரு வாத்து இருந்துச்சு. குளத்துல இல்லட்டி, டிவிக்குள்ள. சிரிக்காத, தலையணையை நேரா வையி. நடுநடுல நீ ம் கொட்டணும். கொட்டலேன்னா கதை அங்கனயே நின்னுரும், அத்தை பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன். எங்க, கொட்டு பாப்போம். ஆங், அப்படி.

எந்த ஊரா? பாளையங்கோட்டைன்னு வச்சுக்கோ. அங்க ஒரு பெரியம்மா வீடு. முழுப்பரீட்சை லீவுக்கு அந்த வீட்டுக்கு ஒரு புள்ள வந்திருந்தா, சங்கரன்கோவில்ல இருந்து. பேரு பேராச்சி. எல்லாரும் பேச்சின்னு கூப்பிடுவாங்க. பேருக்கேத்த மாதிரி வாயே மூடாது, தூக்கத்துலயும் பேசும், இங்க ஒருத்தி இருக்கால்லா, அவளை மாதிரி. முன்பல்லு ரெண்டும் விழுந்துட்டு. பெரியம்மாவுக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவன் இசக்கி. மீசை எப்ப வரும்னு நாள் பூரா கண்ணாடியைப் பாத்துக்கிட்டு இருப்பான். அவனுக்கு அடுத்தவ கனி.

அந்த வீட்டுல ஒரு கேம் பெட்டி. டிவில மாட்டுனா நாலு மிருகம் குதிச்சு வரும். யானை, குரங்கு, ஆமை, வாத்து. நாலும் சேந்து குட்டிக் குட்டியா விளையாட்டு விளையாடும். ஒண்ணுல மாம்பழம் பொறுக்கணும், ஒண்ணுல பலூன் ஊதணும், ஒண்ணுல கீழ விழாம நிக்கணும். இப்படி ஒரு கூடை விளையாட்டு. கையில ஆளுக்கு ஒண்ணு வச்சு அமுக்குவாங்களே, அதுக்கு கன்ட்ரோலர்னு பேராம். என் வாய்க்கு அது சரிப்படாது, நான் ரிமோட்டுன்னே சொல்லுதேன். ஆள் இல்லாத மிருகத்தைப் பெட்டியே ஆட்டிக்கிடும். இதை ஞாபகம் வச்சுக்கோ, பின்னால வேணும். ம்?

அப்புறம், இசக்கி யானை, கனி குரங்கு. பேச்சி வந்ததும் நானும் நானும்னு குதிச்சா. இசக்கி அவ கையில ஒரு ரிமோட்டைக் குடுத்து, "நீதான்ட்டி வாத்து"ன்னான். பேச்சிக்கு வாயெல்லாம் பல்லு. பல்லு எங்க இருக்கு, பொக்கைதான்.

அவ்வளவுதான், விடிஞ்சா எந்திரிச்சா வாத்துதான். டப் டப் டப் டப்னு அமுக்குவா. ஆனா ஒரு சங்கடம். அவ இடப்பக்கம் அமுக்குனா வாத்து வலப்பக்கம் போவும். குதின்னு அமுக்குனா சும்மா நிக்கும். "அண்ணே, என் வாத்து சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்கு"ன்னா. வாத்துன்னா அப்படித்தான் இருக்கும்னுட்டான் அவன். அதனால பேச்சி என்ன பண்ணுனா தெரியுமா? வாத்து எங்க போவப் போவுதுன்னு மொதல்லயே கண்டுபிடிச்சு, அந்தப் பக்கமே அமுக்க ஆரம்பிச்சா. அதோட நடை, நிக்கிற நிலை, வாலை ஆட்டுறது எல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆயிட்டு. மத்தவங்க அவங்கவங்க மிருகத்தைப் பாத்தாங்க. பேச்சி மட்டும் வாத்தை விட்டுக் கண்ணை எடுக்கல.

ஒரே ஒரு நாள் அந்த வாத்து ஜெயிச்சுட்டு. ஐயோ, பேச்சி ஆடுன ஆட்டம். அவங்க அம்மா குடுத்து விட்ட கடலை மிட்டாய் அவ பையில இருந்துச்சு. ஓடிப் போய் எடுத்துட்டு வந்து எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுத்தா. "நான் ஜெயிச்சுட்டேன்லா, வாங்கிக்கோங்க"ன்னு. இசக்கியும் வாங்குனான், கனியும் வாங்குனா. கறுக் முறுக்னு தின்னுட்டாங்க.

ம் எங்க? ஆங்.

அப்புறம் ஒரு நாள் காலையில, எல்லாரும் ஆடிக்கிட்டு இருக்கும்போது பேச்சி கையில இருந்து ரிமோட்டு நழுவி, டொம்முனு கீழ விழுந்துச்சு. பின்னால இருக்க மூடி கழண்டு கட்டிலுக்கு அடியில ஓடிட்டு. பேச்சி குனிஞ்சு பாத்தா, உள்ள ரெண்டு குழி. ரெண்டும் காலி. பேட்டரியே இல்ல. அவ கையில ரிமோட்டு இல்ல, ஆனா டிவில வாத்து குடுகுடுன்னு ஓடிக்கிட்டு இருக்கு.

பேச்சிக்குப் பேச்சே வரல. அவ வாழ்க்கையில அதுதான் மொதத் தடவை.

அப்போ இசக்கி சொல்லுதான், "நீ ஒப்புக்குச் சப்பாணிட்டி. சும்மா கையில வச்சுக்க."

ஒப்புக்குச் சப்பாணின்னா உனக்குத் தெரியும்லா? தெருவுல ஓடிப் பிடிச்சு விளையாடும்போது, குட்டிப் பிள்ளை அழாம இருக்க அதையும் சேத்துக்கிடுவாங்க. அதைத் தொட்டாலும் அவுட்டு கெடையாது. பாவம்னு செய்யுறதுதான், தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா அது ஜெயிச்சாலும் ஜெயிப்பு கெடையாது பாத்துக்கோ. அந்தப் பிள்ளைகிட்ட அதைச் சொல்லிட்டாவது செய்யணும். சொல்லாமச் செஞ்சுட்டு, அது குடுத்த மிட்டாயை வேற வாங்கித் தின்னுருக்கானே, எனக்கு இப்ப நெனச்சாலும் அவன் காதைத் திருகணும்னு இருக்கு.

பேச்சி குளியலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. குழாயைத் திறந்து விட்டா, சர்ர்ர்ருனு. அழுகைச் சத்தம் வெளிய கேக்கக் கூடாதுல்லா. அழுது முடிச்சு மூஞ்சியைக் கழுவிட்டு வந்தா. வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டா. கூடத்துல தொங்குன கடிகாரத்தை இறக்கி அதுல இருந்து ஒரு பேட்டரி. அப்புறம் ஸ்டூலை அடுக்களைக்கு இழுத்துட்டுப் போய், அங்க இருந்த கடிகாரத்துல இருந்து ஒரு பேட்டரி. டிக் டிக் டிக்... நின்னு போச்சு. வீடு முழுக்க மணி நின்னு போச்சு. அவ பாட்டுக்கு ரெண்டையும் ரிமோட்டுக்குள்ள போட்டு, கட்டிலுக்கு அடியில கெடந்த மூடியை எடுத்து மூடுனா. பொட்டு மாதிரி ஒரு பச்சை வெளிச்சம், பளிச்னு.

"மூணு ஆட்டம் ஆடுவோம்"னா பேச்சி. "நான் ஜெயிச்சா என்னை ஆட்டைக்குச் சேக்கணும். தோத்தா லீவு முடியுற வரைக்கும் ஒப்புக்குச் சப்பாணியாவே இருக்கேன், வாயே திறக்க மாட்டேன்."

வாயே திறக்க மாட்டேன்னு சொன்னதும் இசக்கிக்கு ஆசை வந்துட்டு. சரின்னுட்டான். ரெண்டு ஆட்டம் ஜெயிச்சவங்களுக்கு ஜெயிப்புன்னு பேசிக்கிட்டாங்க. இந்தா, நீ வாத்துன்னு கனி சொன்னா.

"வேண்டாம். வாத்து அதுவா ஆடட்டும். நான் ஆமை."

ஆமையா? இசக்கி விழுந்து விழுந்து சிரிச்சான். நாலு மிருகத்துலயும் மெதுவாப் போறது அதுதான். இருக்கட்டும், சிரிக்கட்டும். நீ ம் கொட்டு.

மொத ஆட்டம், மாம்பழம் பொறுக்குறது. ஜூட்! டொப்பு டொப்புனு மேல இருந்து மாம்பழமா விழுது. பேச்சி இடப்பக்கம் அமுக்குனா. ஆமை இடப்பக்கம் போச்சு. வலப்பக்கம் அமுக்குனா. வலப்பக்கம் போச்சு. குதின்னு அமுக்குனா, ணங்குனு குதிச்சுது. அவளுக்கு ஆச்சரியம் தாங்கல. அமுக்குனா நடக்குது, சொன்ன பேச்சைக் கேக்குது. இங்கிட்டும் அங்கிட்டும் அதை நடக்க விட்டு நடக்க விட்டு ரசிச்சுக்கிட்டே இருந்தா. அதுக்குள்ள யானை பழம் அம்புட்டையும் பொறுக்கிட்டு. ஆமை கூடையில ஒண்ணு கூட இல்ல. இசக்கிக்கு ஒண்ணு.

அப்புறம் ரெண்டாவது ஆட்டம், பலூன் ஊதுறது. யாரு பலூன் மொதல்ல வெடிக்குதோ அவங்களுக்கு ஜெயிப்பு. இதுக்கு வேற வித்தையே கெடையாது. விரல் வலிக்க வலிக்க அமுக்கணும். பேச்சி விரலு எப்படிப்பட்ட விரலு? கேக்காத வாத்தைக் கேக்க வைக்கணும்னு லீவு முழுக்க மாங்கு மாங்குன்னு அமுக்குன விரலு. டபடபடபடபன்னு அமுக்குனா பாரு. புஸ்ஸு, புஸ்ஸு, புஸ்ஸு... டமார்! ஆமை பலூன்தான். கனி பலூன் அப்பத்தான் எலுமிச்சம்பழம் அளவு ஊதியிருக்கு.

ஆளுக்கு ஒண்ணு ஆச்சா? அப்போ இசக்கி சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு, நேரா உக்காந்தான். சிரிப்பு எங்க போச்சுன்னே தெரியல.

மூணாவது ஆட்டம், கீழ விழாம நிக்கிறது. நடுக்கடல்ல கட்டம் கட்டமா ஒரு தரை. ஒவ்வொரு கட்டமா விழும். எது விழும், எப்ப விழும், யாருக்கும் தெரியாது. கடைசி வரைக்கும் நிக்கிறவங்க ஜெயிச்சாங்க. வாத்து ஜெயிச்சா யாருக்கும் ஜெயிப்பு இல்லன்னு இசக்கி மொதல்லயே சொல்லிட்டான்.

இங்கதான் நான் ஞாபகம் வச்சுக்கோன்னு சொன்னது. வாத்தை ஆட்டுறது யாரு? பெட்டி. கட்டத்தைத் தள்ளுறது யாரு? அதுவும் பெட்டி. அப்போ எது விழும்னு வாத்துக்குத் தெரியாம இருக்குமா? அது தெரிஞ்சவ அந்த வீட்டுல ஒருத்திதான்.

சளப்! ஒரு கட்டம் போச்சு. சளப்! இன்னொண்ணு. எல்லாரும் கட்டத்தைப் பாக்காங்க. பேச்சி வாத்து வாலைப் பாக்கா. வாலு ஆடுச்சா, வாத்து தாவப் போவுது. வாத்து தாவுனா, பின்னாலயே ஆமையும் தாவும். தத்தக்கா பித்தக்கா, தத்தக்கா பித்தக்கா. குரங்கு ஒரு கட்டத்துல ஏமாந்துச்சு, தொபுக்! கனி அவுட்டு. யானை இங்க ஓடி, அங்க ஓடி, நிக்க இடம் இல்லாம, தொபுக்கடீர்னு கடலுக்குள்ள. இசக்கி அவுட்டு.

மிச்சம் ரெண்டே கட்டம். ஒண்ணுல வாத்து, ஒண்ணுல ஆமை. ஆமை நிக்கிற கட்டம் கிடுகிடுன்னு ஆட ஆரம்பிச்சுட்டு. தாவுறதுக்கு வேற கட்டம் இல்ல. முடிஞ்சுதுன்னு இசக்கி கையைத் தட்டுனான்.

பேச்சி தாவல. பொக்கை வாயை இறுக மூடிக்கிட்டு இருந்தா. ஏன்னா அந்த வாத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். ஜெயிக்கப் போறோம்னு தெரிஞ்சா போதும், நின்ன இடத்துலயே திரும்பி, ஊருக்கெல்லாம் றெக்கையை விரிச்சுக் காட்டும். அந்த நேரத்துல யாரு வந்து இடிச்சாலும் கீழ உருண்டுரும். திரும்பாத, திரும்பாதன்னு லீவு பூரா அவ தொண்டை கிழியக் கத்துனது அதுக்குத்தான். இன்னைக்கு மனசுக்குள்ள சொன்னா, திரும்பு, திரும்பு.

கட்டம் சாயுது. ம்?

வாலு ஆடுச்சு. வாத்து திரும்புச்சு. குவாக் குவாக்னு றெக்கையை விரிச்சுது. பேச்சி அமுக்குனா. ஆமை அந்தரத்துல பறந்து வந்து, வாத்து நிக்கிற கட்டத்துல ணங்குனு இறங்குச்சு. ஓடு பட்ட வேகத்துல வாத்து உருண்டு போய், சளப்.

நடுக்கடல்ல ஒத்தக் கட்டம். அதுக்கு மேல ஆமை. டிவி முழுக்க பூவாக் கொட்டுது, டண்டணக்கா டண்டணக்கான்னு மேளம். அந்தப் பூவும் அந்த மேளமும் பேச்சிக்குத்தான். நெசமாவே பேச்சிக்குத்தான்.

போங்காட்டம்னு சொல்ல இசக்கி வாயைத் திறந்தான். கனி அவனை ஒரு பார்வை பாத்தா. உடனே அவன் எந்திரிச்சு அலமாரிக்குப் போய், அவன் ஒளிச்சு வச்சிருந்த கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்துட்டு வந்தான். மொத மிட்டாயைப் பேச்சி கையில வச்சான்.

"ஆட்டைக்குச் சேத்தியாச்சுட்டி. இனிமே நீ விழுந்தா அவுட்டுதான்."

அவுட்டுதான்னு கேட்டதும் பேச்சிக்கு வந்த சந்தோசம் இருக்கே, அதைச் சொல்ல எனக்கு வாய் பத்தாது. மிட்டாயை ரெண்டா ஒடிச்சா. ஒரு பாதியைக் கொண்டு போய் டிவி முன்னால வச்சா, வாத்துக்கு. மறு பாதியைக் கடவாய்ப் பல்லுல வச்சு, கறுக்.

அதுக்கப்புறம் மூணு பேரும் நேரம் போறது தெரியாம ஆடிக்கிட்டே இருந்தாங்க. பெரியம்மா அடுக்களையில இருந்து வந்து, "என்னட்டி, வெயில் சாஞ்சுட்டு, மணி இன்னும் பதினொண்ணுதானா? நான் உலையே வைக்கலயே"ன்னு நிக்காங்க. அன்னைக்கு அந்த வீட்டுல சோறு இல்ல. வெறும் மிட்டாய்தான்.

ம் காணோமே. தூங்கிட்டியா? இல்லையா, அரைக்கண்ணு தெரியுது. சரி, ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. நாளைக்கு உங்க அண்ணன்மாரு உன் கையில ஒரு ரிமோட்டைக் குடுத்து நீதான் முயல்னு சொல்லுவாங்கல்லா, ஆடுறதுக்கு முன்னால அந்தப் பின் மூடியைத் திறந்து பாரு.

கதை அவுட்டு. கண்ணை மூடு.