ஏகாம்பரத்தின் ராசியான இடம்

மரம் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லாத ஒரு நாட்டில், குழந்தைகளே, பென்குயின்கள் கூட்டமாக வாழ்ந்துவந்தன. அங்கே தரையும் பனிக்கட்டி, மலையும் பனிக்கட்டி. குளிர்காலம் வந்துவிட்டால் சூரியன்கூட அந்தப் பக்கம் தலைகாட்டாது.

அம்மா பென்குயின்கள் முட்டையிட்டதும் அதை அப்பாக்களிடம் ஒப்படைத்துவிட்டு, மீன் தேடிக் கடலுக்குப் போய்விடும். கூடு கட்டலாம் என்றால் சுள்ளிக்கு எங்கே போவது? அப்பா தன் பாதங்களின் மேல் முட்டையை ஏற்றி, வயிற்றுத் தோலை அதன்மேல் போர்வைபோல இறக்கிவிட்டுக்கொண்டு, குளிர்காலம் முழுக்கப் பட்டினியாக நிற்க வேண்டும். முட்டை பனியில் உருண்டுவிட்டால் உறைந்து கல்லாகிவிடும்.

ஏகாம்பரத்துக்கு அதுதான் முதல் முட்டை. அவன் மனைவி செங்கமலம் அதை மெல்ல அவன் பாதத்தில் ஏற்றிவிட்டாள்.

"பத்திரமா வச்சிருங்க. நான் திரும்பி வரும்போது உங்க கால்ல நம்ம பிள்ளை நிக்கணும்."

"என்னை யாருன்னு நினைச்சே?" என்றான் ஏகாம்பரம்.

"தெரிஞ்சுதானே சொல்றேன்," என்று சொல்லிவிட்டு அவள் கடலைப் பார்த்து ஆடி ஆடி நடந்தாள்.

அவள் போனதும் காற்று வந்தது. அப்பாக்கள் எல்லாரும் ஓடிவந்து தோளோடு தோள் ஒட்டி நெருக்கி நின்றார்கள். நடுவில் நிற்பவனுக்கு அடுப்பங்கரைச் சூடு; ஓரத்தில் நிற்பவன் முதுகில் பனி அப்பும். அதனால் அவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. காற்றடிக்கும் ஓரத்தில் நின்றவன், முதுகு விறைத்ததும், கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய்க் காற்றில்லாத மறுபக்கத்தில் ஒட்டிக்கொள்வான். மற்றவர்களும் அந்தப் பக்கமாக ஒரு சின்ன அடி வைத்து நெருங்கிக்கொள்வார்கள். இப்படி ஓரத்தில் இருந்தவன் நடுவுக்கும், நடுவில் இருந்தவன் ஓரத்துக்கும் மாறி மாறி வந்துகொண்டே இருப்பார்கள்.

ஏகாம்பரம் மெதுமெதுவாக நடுவுக்கு வந்து சேர்ந்தான். அங்கே பனியில் ஒரு சின்னப் பள்ளம். அவன் கால் அதில் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. உடம்பெல்லாம் கதகதவென்று இருந்தது.

'ஆஹா, சூடு இந்தப் பள்ளத்திலிருந்துதான் வருகிறது,' என்று நினைத்துக்கொண்டான். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அவனிடம் துண்டு இல்லை. காலை நன்றாக ஊன்றிக்கொண்டான்.

பின்னால் நின்ற தாண்டவன் அலகால் ஒரு இடி இடித்தான். அவன் செங்கமலத்தின் தம்பி.

"மச்சான், அடி எடுத்து வைங்க. எல்லாரும் நகர்றாங்க."

"நீ சுத்திக்கிட்டுப் போ. இது ராசியான இடம். நான் விடமாட்டேன்."

"பனிக்கட்டியில என்ன ராசி?"

"நின்னு பார்த்தவனுக்குத்தான் தெரியும்."

"சரிதான். வேணும்னா அக்கா வந்ததும் இங்கேயே ஒரு வீடு கட்டித் தரச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டுத் தாண்டவன் அவனைச் சுற்றி நகர்ந்தான். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும், கல்லைச் சுற்றி ஓடும் தண்ணீரைப்போல, ஏகாம்பரத்தைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தார்கள்.

ஏகாம்பரம் கண்ணை மூடிச் சுகமாகத் தூங்கினான்.

திடீரென்று முதுகில் சில்லென்றது. கண் விழித்துப் பார்த்தால் அவனுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. காற்றுதான் இருந்தது.

"யாருய்யா அது, என்னை ஓரத்துக்குத் தள்ளினது?" என்று கத்தினான்.

"நீங்க நின்ன இடத்துலதான் நிக்கிறீங்க மச்சான்," என்றான் பக்கத்தில் முதுகு வெளுத்து நின்ற தாண்டவன். "கூட்டம்தான் நகர்ந்துடுச்சு. நான் மறுபக்கம் போறேன். நீங்களும் வாங்க."

"மாட்டேன். கொஞ்சம் பொறு, சூடு திரும்பி வரும்."

"சூட்டுக்குக் கால் இருக்கா, நடந்து வர? முட்டையை நினைச்சுப் பாருங்க."

ஏகாம்பரம் காலை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டான். தாண்டவன் கொஞ்சம் நின்று பார்த்தான். அவன் காலிலும் ஒரு முட்டை இருந்ததே. விறைத்த உடம்போடு எவ்வளவு நேரம் நிற்பான்? சுற்றிக்கொண்டு போய்விட்டான்.

காற்று ஊளையிட்டது. முன்னால் நின்றவர்களின் முதுகுகள் ஒரு அடி தள்ளிப் போயின. பிறகு இன்னொரு அடி. பிறகு பனித்தூளில் மறைந்தே போயின. ராசியான பள்ளத்தில் பனி நிரம்பியது. ஏகாம்பரம் குனிந்து அலகால் முட்டையைத் தொட்டுப் பார்த்தான். வழக்கமான சூடு அதில் இல்லை.

கூப்பிட்டால் எல்லாரும் சிரிப்பார்கள். கூப்பிடாவிட்டால் செங்கமலத்திடம் என்ன சொல்வது? தூங்கிவிட்டேன் என்றா?

கழுத்தை நீட்டிக் கத்தினான். "தாண்டவா! எந்தப் பக்கம்டா இருக்கீங்க?"

வெகுதூரத்திலிருந்து பதில் வந்தது. "இங்கே மச்சான்! குரலைப் பிடிச்சுக்கிட்டே வாங்க. ஓடாதீங்க, முட்டை விழுந்துடும்!"

ஏகாம்பரம் காற்றுக்கு முதுகைக் காட்டி, குதிகாலை ஊன்றி, விரல்களைத் தூக்கி, இம்மி இம்மியாக நகர்ந்தான். ஒரு மேட்டில் கால் இடறியது. முட்டை வழுக்கிப் பாதத்தின் விளிம்புக்கு வந்துவிட்டது. அப்படியே சிலையாக நின்று, அலகால் அதை மெல்ல மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டான். தாண்டவன் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்குத் தொண்டை கட்டியதும் அடுத்தவன் கூப்பிட்டான்.

ஒருவழியாகக் கூட்டம் கண்ணில் பட்டது. ஏகாம்பரம் அதைச் சுற்றிக்கொண்டு போய், காற்றில்லாத பக்கத்தில், தலையைக் கவிழ்த்தபடி நின்றான். யாரும் அவனை விரட்டவில்லை. கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்தார்கள்.

"மச்சான், உங்க ராசியான இடத்தை எங்கே காணோம்? கையோட கொண்டு வந்திருக்கக் கூடாதா?" என்றான் தாண்டவன் கரகரத்த குரலில்.

கூட்டமே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அந்தக் குலுக்கலில் எல்லாருக்கும் இன்னும் கொஞ்சம் சூடு ஏறியது. ஏகாம்பரத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் காலில் முட்டை மறுபடி கதகதத்தது.

அதன்பிறகு அடி வைக்க வேண்டிய நேரத்தில் அவனே முதல் அடி வைத்தான். ஓரம் வந்தபோது காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றான். முறை முடிந்து சுற்றிப் போகும்போது பக்கத்தில் நின்றவனையும், "வாய்யா, போதும்," என்று கூட்டிக்கொண்டு போனான்.

குளிர்காலத்தின் கடைசியில், கொழுகொழுவென்று மீன் தின்ற வயிற்றோடு செங்கமலம் வந்தாள். ஏகாம்பரம் வற்றிப்போயிருந்தான். ஆனால் அவன் பாதங்களுக்கு நடுவிலிருந்து ஒரு சாம்பல் நிறக் குஞ்சு எட்டிப்பார்த்து, "பசிக்குது," என்றது.

செங்கமலம் குஞ்சுக்கு ஊட்டிவிட்டுப் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காத்து ரொம்ப மோசமாமே. நீங்க எந்த இடத்துல நின்னீங்க?"

தாண்டவன் தொண்டையைச் செருமினான். ஏகாம்பரம் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னான்:

"எல்லா இடத்துலயும்தான்."

நீதி: பலர் சூட்டில் குளிர்காய்கிறவன், தன் முறை வரும்போது காற்றுக்கு முதுகு கொடுக்கவும் வேண்டும்.