எட்டு அறை இங்கிலீஷ்

ஏரிக்கரைச் சரிவில் மாரப்பன் என்ற வரப்பெலி வளை தோண்டிக் குடியிருந்தது. வளைக்குள் எட்டு அறைகள். மற்ற எலிகள் அறைகளில் நெற்கதிர் சேர்க்கும். மாரப்பன் இங்கிலீஷ் சேர்த்தது!

பள்ளிக்கூடத்துக் குப்பையில் கிடைத்த இலக்கணப் புத்தகத்தை அது சொல் சொல்லாகக் கடித்தெடுத்தது. நவுன் எல்லாம் முதல் அறை. வெர்ப் இரண்டாவது. இப்படி இங்கிலீஷின் எட்டுச் சொல்வகைக்கும் ஒவ்வொரு அறை.

"ஒரு வார்த்தை பேசிக் காட்டேன்!" என்றது மனைவி செங்கமலம்.

"எட்டும் நிரம்பட்டும். அதுவரை ஒன்றைக்கூடத் தொடக் கூடாது!"

ஐப்பசி வந்தது. ஐந்து நாளாக விடாத மழை. மாரப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடியபடியே இருந்தது. உள்ளே கண் திறக்காத ஆறு குட்டிகள். இந்த ஏரிக்கு மேலே உள்ள மேலேரி உடைந்தால் வளை மூழ்கிவிடும். உடையாத ஏரிக்குப் பயந்து வெளியே தூக்கி வந்தாலோ, குட்டிகள் குளிரில் விறைத்துப்போகும். என்ன செய்வது?

அப்போது மேலேரிப் பக்கமிருந்து ஒரு வாத்து வந்து இறங்கியது. கடல் கடந்து வந்த வாத்து. அதற்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும்.

"அண்ணே, மேலேரி நிலவரம் கேளு! படிச்சவன் நீதானே!" என்று கத்தியது தவளை பேச்சி.

மாரப்பன் உள்ளே பாய்ந்து ஒரு நவுனைக் கவ்வி வந்தது. வாசலில் சந்தேகம். திரும்ப ஓடி வேறொன்றை எடுத்தது. பிறகு வெர்ப் அறை. பிறகு மறுபடி வாசல்.

"கேளேன்யா!" என்றது செங்கமலம்.

"ப்ரிபொசிஷன் அறையில் ரெண்டே ரெண்டுதான் இருக்கு. எடுத்தா அறையே காலி!"

"குட்டிங்க காலியாயிடும்யா!"

வாத்து சிறகை உதறியது. கிளம்பப் போகிறது! பேச்சி ஒரே தாவில் அதன் முன்னால் போய் விழுந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் காதில் விழுந்த மூன்று சொற்கள்தான் அதன் மொத்த ஆஸ்தி.

"வாட்டர்! பிக்? கம்?"

"பிக்! கம்! ரன்! ரன்!" என்று அலறிவிட்டு வாத்து பறந்தது.

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. எலிகள் இரண்டும் ஆளுக்கு மூன்று முறை ஓடின. ஆறாவது குட்டியை மேட்டில் இறக்கியபோது, கீழே வெள்ளம் வளைக்குள் புகுந்தது. எட்டு அறைகளும் கூழாயின.

மாரப்பன், "பேச்சி, அந்தக் கேள்வியை அப்படிக் கேட்கக் கூடாது..." என்று ஆரம்பித்தது.

"சரி அண்ணே, அப்புறம் திருத்து. முதல்ல குட்டிங்களைத் துவட்டு!"

மாரப்பன் குட்டிகளைத் துவட்டத் தொடங்கியது. அதன் பல்லிடுக்கில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தது. எந்த அறைச் சொல் என்று யோசிக்கவில்லை.

பேச்சியைப் பார்த்து, "தேங்க்ஸ்!" என்றது. அது பேசிய முதல் இங்கிலீஷ்.

எல்லாம் கற்று முடியட்டும் என்று வாய்மூடிக் காத்திருப்பவனைவிட, தெரிந்த மூன்று சொல்லைத் தப்பும் தவறுமாகவேனும் சமயத்தில் சொல்பவனே ஆபத்தில் உதவுவான்.