தவளை மாதிரி ஒண்ணு

ஊசிப்பனங்குளம் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பிரிவு தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதில் நான்கே பேர் படித்தார்கள். தளவாய், மாசானம், அந்தோணிராஜ், பேச்சித்தாய். நல்ல பிள்ளைகள். சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அவர்களிடம் இருந்த ஒரே குறையும் அதுதான்.

"செம்பருத்தியைப் பாத்து வரைங்க" என்று வயலட் டீச்சர் ஒருநாள் சொன்னார். நான்கு பேரும் செம்பருத்தியை விட்டுக் கண்ணை எடுக்காமல் வரைந்தார்கள். படம் பாதி தாளிலும் பாதி பெஞ்சிலும் இருந்தது.

பிராக்டிகல் பரீட்சை நெருங்கியது. டவுனிலிருந்து பரீட்சை வைக்க எக்ஸ்டர்னல் வருவார், அவர் திருப்தியாகப் போகாவிட்டால் அடுத்த வருஷம் உயிரியல் பிரிவே இருக்காது என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து வயலட் டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தார். நால்வரையும் வரச்சொல்லி ஆய்வக அலமாரிச் சாவியைக் கொடுத்தார்.

"தவளை மாதிரி ஒண்ணு, மண்புழு மாதிரி ஒண்ணு, இதயம் மாதிரி ஒண்ணு, எலும்புக்கூடு மாதிரி ஒண்ணு. நாலையும் எடுத்து வச்சிருங்க. எலும்புக்கூட்டுல மட்டும் பேரெழுதி ஒட்டணும். நான் சொன்னதைத் தவிர வேற எதையும் செய்யாதீங்க."

பள்ளிக்குப் போய் அலமாரியைத் திறந்தார்கள். ஒரு ஜாடியில் தவளை. இன்னொரு ஜாடியில் மண்புழு. கீழ்த்தட்டில் ரப்பர் இதயம், அதன்மேல் 'இதயம்' என்று ஒரு சீட்டு. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாசானம் தவளை ஜாடியை உற்றுப் பார்த்தான்.

"இது தவளைல்லா," என்றான் மாசானம்.

"ஆமா, தவளைதான்," என்றான் அந்தோணிராஜ்.

"டீச்சர் தவளையா கேட்டாவ? தவளை மாதிரி ஒண்ணுல்லா கேட்டாவ."

தளவாய் யோசித்தான். நால்வரில் யோசிக்கும் பொறுப்பு அவனுடையது. "தவளை வேணும்னா தவளைன்னே சொல்லியிருப்பாவ. மாதிரின்னா, அது தவளையா இருக்கப்படாது. ஆனா பாத்தா தவளை நெனப்பு வரணும்."

"அப்ப இந்த இதயம், எலும்புக்கூடு?" என்றாள் பேச்சித்தாய்.

"இதயத்துல இதயம்னே எழுதியிருக்கு. பிளாஸ்டிக்னாலும் எலும்புக்கூடு எலும்புக்கூடுதான். எக்ஸ்டர்னல் கண்ணுல பட்டுச்சுன்னா, கேட்டது ஒண்ணு வச்சது ஒண்ணும்பாவ. டீச்சருக்குத்தான் அசிங்கம்."

அலமாரியைப் பூட்டினார்கள். போதாதென்று அதன் முன்னால் ஒரு பெஞ்சையும் இழுத்துப் போட்டார்கள்.

தவளை மாதிரியைத் தேடிக் குளத்தங்கரைக்குப் போனார்கள். ஒரு தவளை வந்து அந்தோணிராஜ் காலில் உட்கார்ந்தது. "நீ போ, நீ தவளை" என்று அவன் அதைப் பொறுமையாக இறக்கிவிட்டான். பொழுது சாயும்வரை தேடியும் அகப்பட்டதெல்லாம் தவளையாகவே இருந்தது. மனமொடிந்து பள்ளிப் பக்கம் திரும்பினால், கிணற்றடியிலிருந்து கொர் கொர் என்று சத்தம். பள்ளிக்கூடத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்.

பேச்சித்தாய் நின்றாள். "தவளை மாதிரி கத்துது. ஆனா தவளை இல்ல."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாசானம் வீட்டு ஸ்பேனரைக் கொண்டுவந்து மோட்டாரைக் கழற்றி, நாலு பேரும் தூக்கிப் போய் ஆய்வக மேஜையில் வைத்து வயரைச் சொருகினார்கள்.

மண்புழு சிரமம் தரவில்லை. பேச்சித்தாய் வீட்டில் சிவப்பரிசி இடியாப்பம் அவிப்பார்கள். நிறமும் நெளிவும் சரியாக இருந்தன. இதயத்துக்குத்தான் வெகுநேரம் விவாதம் நடந்தது.

"இதயம் அவங்கவங்க கைமுஷ்டி அளவு இருக்கும்னு டீச்சர் சொல்லிக் குடுத்தாவல்லா," என்றாள் பேச்சித்தாய்.

"அப்ப முஷ்டிதான் இதயம் மாதிரி. யார் முஷ்டியை வைக்க?" என்றான் மாசானம்.

நகம் வெட்டியிருந்தவன் தளவாய் ஒருவன்தான். அவன் வலது கையைத் தட்டில் வைத்து மூடித் திறந்து காட்டினான். "சும்மா வச்சா செத்த இதயம். இப்படி சுருங்கி விரியணும்."

"நீ எப்படிலே பரீட்சை எழுதுவே?" என்றான் அந்தோணிராஜ்.

"இதயம் எங்கயாவது பரீட்சை எழுதுமா?"

இதயம் முடிவானது.

எலும்புக்கூடு மாதிரி ஒருவர் ஊரில் ஏற்கெனவே இருந்தார். சைக்கிளில் சேமியா ஐஸ் விற்கும் குற்றாலம் அண்ணாச்சி. 'எலும்புக்கூடு மாதிரி இருக்காரு பாவம்' என்று ஊரே சொல்லும். பரீட்சை நாளான திங்கட்கிழமை காலையில் அவரை மடக்கினார்கள்.

"என்ன வேலை?" என்று கேட்டார்.

"சட்டையைக் கழட்டிட்டு மூலையில நிக்கணும் அண்ணாச்சி. ஃபேன் உண்டு."

"பேசலாமா?"

மாசானம் கூடாது என்றான். "எலும்புக்கூடு பேசாதுல்லா."

தளவாய் குறுக்கிட்டான். "எலும்புக்கூடுதான் பேசாது. எலும்புக்கூடு மாதிரி இருக்கிறவரு தாராளமா பேசலாம்."

குற்றாலம் ஐஸ்பெட்டியோடு உள்ளே வந்தார். சோற்றுப்பசை தடவி, விலா எலும்பு, தோள்பட்டை எலும்பு, முழங்கால் சில்லு என்று அங்கங்கே சீட்டு ஒட்டினார்கள். விலாவில் ஒட்டும்போது நெளிந்தார். அவருக்குக் கூச்சம் அதிகம்.

வயலட் டீச்சர் போன் செய்தார். "எல்லாம் வச்சாச்சா?"

"நீங்க சொன்ன மாதிரியே வச்சாச்சு டீச்சர்," என்றாள் பேச்சித்தாய். டீச்சர் நிம்மதியாகப் போனை வைத்தார்.

எக்ஸ்டர்னல் ஞானசிகாமணி சார் பத்து மணிக்கு வந்தார். தடித்த கண்ணாடி, குறைந்த பேச்சு. ஹெட்மாஸ்டர் அவரை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, தொட்டியில் ஏன் தண்ணீர் ஏறவில்லை என்று பார்க்கக் கிணற்றடிக்கு ஓடினார்.

சார் மேஜையருகே உட்கார்ந்தார். காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. முன்னால் தட்டில் இடியாப்பம். 'பரவாயில்லை, மரியாதை தெரிந்த பள்ளி' என்று எண்ணிச் சாப்பிட்டு முடித்தார். நால்வரும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சரி, மண்புழு எங்கே?" என்றார் சார்.

"இப்பத்தான் சாப்பிட்டீங்க சார்," என்றான் அந்தோணிராஜ்.

சார் தட்டைப் பார்த்தார். அந்தோணிராஜைப் பார்த்தார். காதில் சரியாக விழவில்லை என்று முடிவு செய்துகொண்டார். "தவளை?"

மாசானம் சுவிட்சைப் போட்டான். மோட்டார் கொர்ரென்று கத்தி, உள்ளே மிச்சமிருந்த கிணற்றுத் தண்ணீரை எல்லாம் சாரின் முகத்தில் துப்பியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி எழுந்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு உலகம் பனிமூட்டம். மூலையில் வெளிறித் தெரிந்த உருவத்தை நோக்கி நடந்து, கையிலிருந்த பேனாவால் அதன் விலாவைத் தொட்டார்.

"இது என்ன எலும்பு?"

"கூசுது சார்," என்றது எலும்புக்கூடு.

சார் வேரோடு சாய்ந்த வாழை போல விழுந்தார்.

அவரைத் தாங்கிப் பிடிக்க நால்வரும் பாய்ந்தார்கள். பக்கத்துத் தட்டில் முஷ்டியை மூடித் திறந்துகொண்டிருந்த தளவாயும் பாய்ந்தான். பேச்சித்தாய்தான் முதலில் கவனித்தாள்.

"ஏல தளவாய், ஏன் கையை எடுத்தே? இதயம் நின்னு போச்சுல்லா. அதான் சார் விழுந்துட்டாவ."

தளவாய் உடனே சாரின் தலைமாட்டில் உட்கார்ந்து முஷ்டியை மூடித் திறக்கத் தொடங்கினான். மாசானம் தண்ணீருக்கு ஓடினான். எந்தக் குழாயிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. குற்றாலம் தன் பெட்டியிலிருந்து ஒரு சேமியா ஐஸை எடுத்துச் சாரின் நெற்றியில் வைத்தார். சார் கண்ணைத் திறந்தார்.

"பாத்தியா," என்றான் அந்தோணிராஜ், தளவாயின் கையைக் காட்டி. "வேலை செய்யுது."

அதன்பிறகு சார் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. எல்லோருக்கும் முழு மார்க் போட்டுக் கையெழுத்திட்டு, நெற்றியில் ஒட்டிய சேமியாவோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். தளவாய் முஷ்டியை மூடித் திறந்தபடி பின்னாலேயே போனான். அவர் பஸ் ஏற, அவனும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீ எங்கப்பா வர்றே?"

"உங்ககூடத்தான் சார். நான் நிறுத்தினா நீங்க விழுந்திருவீங்க."

"அதான் மார்க் போட்டாச்சே. இறங்கிப் போ."

"மார்க் கெடக்கட்டும் சார். உங்க உசுருதான் எங்களுக்கு முக்கியம்."

இப்படி ஒரு வார்த்தையை அவரிடம் இதுவரை எந்த மாணவனும் சொன்னதில்லை. சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பையில் கைவிட முடியாத நிலையில் இருந்த தளவாய்க்கும் அவரே டிக்கெட் எடுத்தார். வீட்டில் அவருடைய மனைவி இருவருக்கும் இலை போட்டார். தளவாய் இடது கையால் சாப்பிட்டான். ஏன் என்று கேட்கப்போன மனைவியைச் சார் ஜாடையால் தடுத்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் அழைப்பு மணி அடித்தது. பால்காரர் என்று நினைத்து அந்த அம்மாள் கதவைத் திறந்தார். முதல் பஸ்ஸில் வந்த பேச்சித்தாய், நகம் வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வாசலில் நின்றாள். பின்னால் மாசானமும் அந்தோணிராஜும் வரிசையாக நின்றார்கள்.

"யாரும்மா நீங்க?"

"சாருக்கு இதயம் மாத்த வந்திருக்கோம்மா," என்றாள் பேச்சித்தாய். "நேத்துலேருந்து ஒரே இதயம்தானே ஓடிக்கிட்டு இருக்கு."