ஓணான்வலசில் ஒரு இன்ச் கார்டு

ஓணான்வலசில் அறிவு மழை பெய்த அன்று ‘மூவர் டெய்லர்ஸ்’ கடைக்காரர்கள் மூவரும் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். குடை நனைந்துவிடுமென்று அவர்கள் அதைக் கடைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அப்படியும் ஒரு சொட்டு அவர்கள் மேல் விழவில்லை.

செங்கோடன் தைப்பான், மாரப்பன் துணி வெட்டுவான், வையாபுரி பொத்தானுக்குக் காஜா எடுப்பான். மூவரில் செங்கோடனுக்குத்தான் அந்த வருஷம் அவசரம். மஞ்சள் மண்டி நாச்சிமுத்துவின் மகள் மரகதத்துக்கு அவனைப் பிடித்திருந்தது, ஜாதகமும் பொருந்தியது. ஆனால் நாச்சிமுத்து காலத்துக்கேற்ற மனிதர். கடனை ஒழுங்காகக் கட்டுகிறவனா என்று காட்டும் சிபில் ஸ்கோரைக் கேட்டார். ஐந்நூற்று நாற்பது என்றதும் வெற்றிலைத் தட்டை உள்ளே எடுத்துப் போகச் சொன்னார்.

“தை பொறக்கறதுக்குள்ள எழுநூறு ஆக்கிட்டு வாங்க தம்பி. இல்லீன்னா பொள்ளாச்சியில இருந்து கேட்டு வந்த மாப்பிள்ளைக்கே முடிச்சுருவேன்.”

செங்கோடன் குடி, சூது ஒன்றும் அறியாதவன். தவணையில் போன் வாங்கினான், மூன்றாம் மாதம் அது கிணற்றில் விழுந்தது. செத்த மாட்டுக்கு யாராவது தவிடு வைப்பார்களா என்று மாரப்பன் கேட்டான். நியாயமாகப் பட்டதால் செங்கோடன் தவணையை நிறுத்திவிட்டான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

மூவரும் வங்கிக்குப் போனார்கள். மேனேஜர் கிளாரா மேடம் மிகவும் பொறுமைசாலி, அன்று காலை வரை.

“சாதாரண கிரெடிட் கார்டு உங்க ஸ்கோருக்குக் கிடைக்காது. கண்ட இடத்துல கேட்டுட்டே இருந்தா ஸ்கோர் இன்னும் இறங்கும். இருபதாயிரம் ஃபிக்சட் டெபாசிட் போடுங்க. அதை ஜாமீனா வச்சு அதே அளவுக்கு ஒரு கார்டு தர்றோம். கொஞ்சமா பயன்படுத்தி, பில் வந்ததும் முழுசா கட்டுங்க. கார்டுல முப்பது சதவீதத்துக்கு மேல மட்டும் போயிடாதீங்க. ஸ்கோர் தானா ஏறும்.”

மூவரும் வெளியே சைக்கிள் நிறுத்தத்தில் கூடிப் பேசினார்கள்.

“நம்ம காசை அவங்ககிட்டக் குடுத்துட்டு, அவங்ககிட்டயே நாம கடன் வாங்கறதா?” என்றான் மாரப்பன்.

“அவங்களுக்கு நம்ம மேல நம்பிக்கை இல்லையாமா,” என்றான் செங்கோடன்.

“நமக்கு மட்டும் இருக்குதா? நேத்து வரைக்கும் அந்தம்மா யாருன்னே நமக்குத் தெரியாது,” என்றான் வையாபுரி.

உடனே உள்ளே போய், கிளாரா மேடமும் தங்களிடம் இருபதாயிரம் டெபாசிட் போட்டால் தாங்களும் போடத் தயார் என்றார்கள். கடை பில் புத்தகத்திலேயே ரசீது கிழித்துத் தருவதாகவும் சொன்னார்கள். மேடம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் காட்டினார். கல்யாணத்துக்கென்று சேர்த்த பணத்தைச் செங்கோடன் மூன்று முறை எண்ணிக் கட்டினான்.

ஆனாலும் ஒருத்தர் சொன்னதை அப்படியே நம்பிவிடலாமா? அடுத்த வாரம் மாரப்பன் அவனை ஒன்பது வங்கிகளுக்கு அழைத்துப் போய்ச் சாதாரண கார்டு கேட்க வைத்தான். ஒன்பதிலும் இல்லையென்றார்கள். ஸ்கோர் ஐந்நூற்றுப் பன்னிரண்டுக்கு இறங்கியது.

“அந்தம்மா பொய் சொல்லலை. நல்ல மனுசி,” என்றான் மாரப்பன் மனநிறைவோடு.

கார்டு வந்தது. இன்ச் டேப்பை எடுத்து அளந்தார்கள். நீளம் மூணேகால் இன்ச்சுக்குச் சற்று மேல். அதில் முப்பது சதவீதம் ஒரு இன்ச். சிப் இருக்கும் பக்கம் ஒரு இன்ச்சை வெளியே விட்டு, மீதிக்குக் கெட்டித் துணியில் உறை தைத்தார்கள். வையாபுரி அதற்கு இரண்டு பொத்தான் வைத்துக் காஜாவும் எடுத்தான்.

ஆடித் தள்ளுபடிக்குப் போனபோது ஜவுளிக்கடைக்காரர் உறையைக் கழற்றப் பார்த்தார். செங்கோடன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஒரு இன்ச்சுதானுங்க அனுமதி.”

கார்டு மெஷினும் அந்த ஒரு இன்ச்சோடு திருப்திப்பட்டுக்கொண்டது. மரகதத்துக்குப் பட்டுப்புடவை, நாச்சிமுத்துக்கு வேட்டி, தங்கள் மூவருக்கும் பேண்ட் துணி என்று பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு வாங்கினார்கள். கிளாரா மேடம் போனில் கூப்பிட்டார்.

“முழுசையும் காலி பண்ணிட்டீங்களே.”

“வாய்ப்பே இல்லீங்க மேடம். ஒரு இன்ச்சைத் தாண்டலை. வேணும்னா வந்து அளந்து பாத்துக்குங்க.”

அடுத்தடுத்த மாதங்களிலும் அதே இன்ச், அதே கதை. ராப்பகலாகத் தைத்துப் பில்லை மட்டும் ஒழுங்காகக் கட்டினார்கள். மார்கழிக் கடைசியில் ஸ்கோர் ஐந்நூற்று முப்பத்தொன்று.

மரகதம் பொள்ளாச்சிக்குப் போய்விடுவாள் என்று நினைத்து நினைத்துச் செங்கோடன் துக்கத்தில் ஒரு சட்டைக்கு மூன்று கை வைத்துவிட்டான். வையாபுரிக்குப் பொறுக்கவில்லை.

“மாப்ள, ஸ்கோர் இல்லாத உனக்கு பேங்க்ல எப்படிக் கார்டு குடுத்தாங்க?”

“டெபாசிட் வச்சு.”

“அப்பறம் பொண்ணை மட்டும் எதுக்கு வெறுங்கையோட கேக்கறே?”

பணமோ வங்கியில் மாட்டிக்கொண்டிருந்தது. வேறென்ன வைக்கலாம் என்று யோசித்தார்கள். மாரப்பன் இல்லாவிட்டால் துணி வெட்ட முடியாது. காஜா இல்லாத சட்டையை ஊக்கு குத்திப் போட்டுக்கொள்ளலாம். ஆகவே வையாபுரி என்று முடிவானது.

மறுநாள் காலை வையாபுரி தலைக்குக் குளித்து, தலையணையும் பாயுமாக மஞ்சள் மண்டியில் வந்து நின்றான்.

“மாமா, இவன் டெபாசிட்டுங்க,” என்றான் செங்கோடன். “மரகதத்தை நான் நல்லா வச்சுக்கிட்டா இவனைத் திருப்பிக் குடுத்துருங்க. அவ கண் கலங்குனா இவனை நீங்களே எடுத்துக்குங்க.” சொல்லும்போதே அவன் கண் கலங்கியது.

கணக்கு மேசையில் இருந்த மரகதம் சிரித்துச் சிரித்து மூட்டை மேல் சாய்ந்துவிட்டாள்.

“ஏனுங்கப்பா, பொள்ளாச்சிக்காரர் யாரைக் கொண்டாந்து வச்சாரு?”

நாச்சிமுத்து தன் மகள் முகத்தைப் பார்த்தார், வையாபுரியின் பாயைப் பார்த்தார்.

“சரி, கட்டிக் குடுக்கறேன். இந்த ஆளை மட்டும் கூட்டிட்டுப் போயிருங்க.”

“அதெப்படீங்க மாமா, முறைன்னு ஒண்ணு இருக்குதுல்ல?” என்று சொல்லி மாரப்பன் வையாபுரியை மூட்டைத் தராசில் ஏற்றி நிறுத்தினான். “அம்பது கிலோ. எழுதிக்குங்க. வருசத்துக்கு ஏழு சதவீதம் வட்டி. திருப்பிக் குடுக்கறப்ப அம்பத்தி மூணரைக்குக் குறையக் கூடாது.”

தராசிலிருந்து இறங்காமலே வையாபுரி நாச்சிமுத்துவைப் பணிவோடு கேட்டான்.

“வட்டி இன்னிக்குக் காலைப் பலகாரத்துலயே ஆரம்பிக்குதுங்களா, இல்ல மத்தியானச் சோத்துல இருந்துங்களா?”